கரியர் முடிவுக்கு யார் துணை: சொல்பவரா, அளப்பவரா, கேட்பவரா?

இருக்கிற வேலையிலேயே தொடரலாமா, வேறு துறைக்குப் போகலாமா, மேலே படிக்கலாமா, கொடுக்கிற டீம் லீடர் பொறுப்பை ஏற்கலாமா வேண்டாமா என்று குழம்பி நிற்கும்போது நம் முன்னால் பொதுவாக நான்கு வழிகள் இருக்கின்றன. அந்தத் துறையில் பழம் தின்று கொட்டை போட்ட ஒருவரிடம் போய் அறிவுரை கேட்கலாம். ஆளுமைச் சோதனை, ஆர்வச் சோதனை என்று ஏதாவது ஒன்றை எழுதிப் பார்த்து அது காட்டும் திசையில் போகலாம். பணம் கொடுத்து ஒரு கரியர் கோச்சிடம் உட்காரலாம். அவர் பெரும்பாலும் எதையும் சொல்ல மாட்டார், கேட்டுக்கொண்டே இருப்பார். இல்லையென்றால் ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு தன்னைத்தானே கேட்டுக்கொள்ளலாம், துணைக்கு ஒரு நண்பரைச் சேர்த்துக்கொண்டு.

நேரத்தையும் பணத்தையும் இதில் எதற்குக் கொடுப்பது? என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் கேள்வி கேட்பவர் பக்கம். ஆனால் கேள்வி கேட்கிற எல்லோர் பக்கமும் இல்லை. பதிலை மனதுக்குள் முடிவு செய்துவிட்டுக் கேள்வி கேட்கிறவர், நேராக அறிவுரை சொல்கிறவரைவிட ஆபத்தானவர் என்றே நினைக்கிறேன். அறிவுரை என்றால் அது அவருடைய கருத்து என்று நமக்குத் தெரியும்; பிடிக்கவில்லை என்றால் தள்ளிவிடலாம். சாமர்த்தியமான கேள்விகளால் நம் வாயிலிருந்தே வரவழைக்கப்பட்ட பதிலை அப்படித் தள்ள முடியாது. அது நம்முடையது என்றே நம்பிவிடுவோம்.

அதனால் நான்கு வழிகளையும் ஒரே அளவுகோலை வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. நீங்கள் சொல்கிற பதிலால் எதிரில் இருப்பவரின் அடுத்த கேள்வி மாறுகிறதா? மாறினால் அவர் உண்மையில் உங்களைக் கேட்கிறார். மாறவில்லை என்றால், எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், அவர் ஏற்கெனவே போட்டு வைத்த பாதையில் உங்களை நடத்திக்கொண்டு போகிறார்.

சொல்பவர்

தொழில் வழிகாட்டல் ஒரு துறையாக உருவானதற்குத் தொடக்கமாகப் பெரும்பாலும் சொல்லப்படுகிற பெயர் ஃபிராங்க் பார்சன்ஸ். 1908-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இளைஞர்களுக்காக ஒரு தொழில் வழிகாட்டு நிலையத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு இறந்தும் போனார். அவர் எழுதிய நூல் 1909-ல் வெளிவந்தது. அவர் வகுத்தது மூன்று படிகள்: உன்னை நீ தெளிவாக அறிவது, வேலைகளின் உலகத்தை அறிவது, இரண்டையும் பொருத்திச் சரியாக யோசிப்பது. நூறு வருடத்துக்கும் மேல் ஆகிவிட்டது, இன்றைக்கும் இந்த மூன்றுக்கு வெளியே யாரும் பெரிதாகப் போய்விடவில்லை.

இதில் இரண்டாவது படிதான் அனுபவசாலியின் இடம். அந்த வேலையில் ஒரு சாதாரண திங்கட்கிழமை எப்படி இருக்கும், எந்தச் சான்றிதழுக்கு மதிப்பு உண்டு, எது வெறும் காகிதம், எந்தப் பதவிக்கு வந்ததும் ஆட்கள் மேலே போக வழியில்லாமல் தேங்கி நிற்கிறார்கள்? இவையெல்லாம் உள்ளே இருந்தவருக்குத்தான் தெரியும். எவ்வளவு சிறந்த கேள்வி கேட்டாலும் உங்களிடம் இல்லாத தகவலை உங்களிடமிருந்து எடுக்க முடியாது.

சிக்கல், அவர் தகவலோடு நிறுத்திக்கொள்ளாமல் தீர்ப்புக்கு வரும்போது தொடங்குகிறது. அவர் தீர்ப்பு பெரும்பாலும் அவர் வாழ்க்கையின் சுருக்கம். துணிந்து வேலையை விட்டு ஜெயித்தவர் ‘துணிந்து விடு’ என்பார். பொறுமையாக ஒரே இடத்தில் இருந்து உயர்ந்தவர் ‘பொறுமையாக இரு’ என்பார். விட்டுத் தோற்றவர் அறிவுரை சொல்கிற நாற்காலியில் அதிகம் உட்காருவதில்லை.

இன்னொன்றும் நடக்கும். இரண்டு மனதாக இருக்கும் ஒருவரிடம் போய் ‘விட்டுடுங்க’ என்று சொல்லிப் பாருங்கள். இருக்கிற வேலையின் நல்லதையெல்லாம் அவரே வரிசையாகச் சொல்லுவார். ‘இருங்க, அவசரப்படாதீங்க’ என்று சொன்னால் அதே ஆள் அந்த வேலையின் கொடுமைகளை அடுக்குவார். குடிப்பழக்கத்துக்குச் சிகிச்சை தரும் வேலையில் இதைக் கவனித்தவர் வில்லியம் மில்லர். 1983-ல் அவர் எழுதிய கட்டுரையிலிருந்து ஊக்க நேர்காணல் என்ற முறை பிறந்தது; மாறுவதற்கான காரணத்தை வந்தவரே சொல்லும்படி கேட்டுப் பேசுவது அது. பிறகு ஸ்டீஃபன் ரோல்னிக்கோடு சேர்ந்து அதை விரித்தார். தவறாகப் போகிற ஒருவரைக் கண்டதும் சரிசெய்துவிடத் துடிக்கிற உந்துதல் உதவி செய்கிறவர்களுக்கு இயல்பாகவே இருக்கிறது என்றும், அந்த உந்துதலே எதிரில் இருப்பவரை எதிர்வாதம் செய்ய வைக்கிறது என்றும் அவர்கள் சொன்னார்கள். கரியர் பேச்சுக்கும் இது அப்படியே பொருந்துகிறது. அறிவுரை கேட்டுவிட்டு வருகிறவர்களில் பலர் முன்பைவிட அதிகக் குழப்பத்தோடு வருவதற்கு அறிவுரை மோசமாக இருந்ததுதான் காரணம் என்றில்லை.

அதற்காக அறிவுரையை ஒரேயடியாக ஒதுக்கவும் மாட்டேன். வாழ்க்கையில் தற்செயலுக்கு இருக்கும் பங்கைத் தொழில் வழிகாட்டலுக்குள் கொண்டுவந்த உளவியலாளர் ஜான் க்ரம்போல்ட்ஸ் தன் கதையைச் சொல்லியிருக்கிறார். கல்லூரியில் முதன்மைப் பாடத்தைத் தெரிவுசெய்யக் கெடு நெருங்கியபோது தன் டென்னிஸ் பயிற்சியாளரிடம் போய்க் கேட்டாராம். அந்தப் பயிற்சியாளர் உளவியல் பேராசிரியராகவும் இருந்தார். வேறு என்ன சொல்வார்? உளவியல் என்றார். அந்த ஒரு சொல் இவருடைய வாழ்நாள் துறையாகிவிட்டது. அறிவுரை சில நேரம் இப்படிப் பலிக்கவும் செய்யும்.

அனுபவசாலியிடம் போனால் ‘நான் என்ன செய்யட்டும்?’ என்று கேட்காதீர்கள் என்பது மட்டும் என் கருத்து. ‘இந்த வேலையில் உங்களுக்குச் சலிப்பு தந்த பகுதி எது? சேர்ந்த ஓரிரண்டு வருடத்தில் விட்டுப் போனவர்கள் ஏன் போனார்கள்? இன்றைக்குப் புதிதாக வருகிறவருக்கு நீங்கள் வந்த வாசல் இன்னும் திறந்திருக்கிறதா?’ என்று கேளுங்கள். கேள்வியை நீங்கள் கையில் வைத்துக்கொண்டால் அவர் தீர்ப்பு சொல்ல வேண்டிய இடமே வராது.

அளப்பவர்

சோதனைகளின் வரலாறு நீளமானது. எட்வர்ட் ஸ்ட்ராங்கின் ஆர்வச் சோதனை 1927-ல் வந்தது. ஜான் ஹாலண்ட் 1959-ல் முன்வைத்த கோட்பாடு மனிதர்களையும் வேலைச் சூழல்களையும் ஆறு வகையாகப் பார்க்கிறது: கையால் செய்பவை, ஆராய்பவை, கலை சார்ந்தவை, பிறருக்கு உதவுபவை, தொழில்முனைப்பு கொண்டவை, ஒழுங்குபடுத்துபவை. உளவியலாளர் கார்ல் யுங் 1921-ல் எழுதிய ஆளுமை வகைகளை அடிப்படையாக வைத்து ஒரு தாயும் மகளும் உருவாக்கிய மையர்ஸ்-பிரிக்ஸ் சோதனை மனிதர்களைப் பதினாறு வகையாகப் பிரிக்கிறது. அலுவலகங்களில் அதிகம் புழங்குவது இந்தக் கடைசிச் சோதனைதான். ஆனால் வேலைக்கு ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அதை வெளியிடுகிறவர்களே சொல்கிறார்கள். இது நினைவில் இருப்பது நல்லது.

சோதனை முடிவைப் படிக்கும்போது ‘அட, என்னை அப்படியே சொல்கிறதே’ என்று ஒரு சிலிர்ப்பு வரும். அந்தச் சிலிர்ப்பை நம்ப வேண்டாம். 1948-ல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் வகுப்பு மாணவர்கள் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்து, ஆளுக்கொரு ஆளுமைக் குறிப்பு கொடுத்தார். அது எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே குறிப்பு. அதன் வரிகளைப் பெரும்பாலும் ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார்.

என் அளவுகோலில் சோதனை தோற்பது இதனால்தான். நீங்கள் எந்தக் கட்டத்தில் டிக் அடித்தாலும் அடுத்த கேள்வி அச்சில் ஏற்கெனவே இருக்கிறது. ‘தனியாக வேலை செய்ய விருப்பமா, குழுவாகவா?’ என்ற கேள்விக்கு ‘யாரோடு என்பதைப் பொறுத்தது’ என்பதுதான் பெரும்பாலானவர்களின் உண்மையான பதில். அதை எழுத அந்தத் தாளில் இடம் இல்லை.

அப்படியும் ஒரு பயன் உண்டு. தனக்கு என்ன பிடிக்கும் என்று சொல்லச் சொன்னால் வார்த்தையே வராத ஒருவருக்கு, ஹாலண்ட் வகை ஆர்வச் சோதனை பேசத் தொடங்க ஒரு சொல்வளம் தரும். ஆளுமை வகைச் சோதனையைவிட இதையே நான் தேர்ந்தெடுப்பேன். முடிவு வந்ததும் அதை ஒரு மனிதரிடம் கொண்டுபோக வேண்டும். அவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி: ‘இதில் எந்த வரி உங்களுக்குப் பொருந்தவே இல்லை?’ அந்த வரியைப் பற்றிப் பேசத் தொடங்கினால்தான் அச்சடித்த தாளில் இல்லாத நீங்கள் வெளியே வருவீர்கள். ஆய்வுகளும் இந்தப் பக்கமே இருக்கின்றன: ஆலோசகர் யாரும் இல்லாமல் தானே செய்துகொள்ளும் முறைகள், மனிதர் கூட இருக்கும் முறைகள் அளவுக்குப் பலன் தருவதில்லை என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2003-ல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு சொன்னது.

கேட்பவர்

கோச்சிங் என்று இன்று நாம் சொல்வதற்குப் பல ஊற்றுகள். சிகிச்சை அறையில் நிபுணர் வழிசொல்வதைக் குறைத்து, வந்தவரின் பேச்சையே பின்தொடர வேண்டும் என்று உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1942-லேயே எழுதினார். டென்னிஸ் கற்றுக்கொடுத்த திமத்தி கால்வே, ‘மட்டையை இப்படிப் பிடி, அப்படித் திருப்பு’ என்று கட்டளையிடுவதைக் குறைத்து ஆட்டக்காரர் தானே கவனிக்கும்படி செய்தால் வேகமாகக் கற்கிறார் என்று கண்டார். அவரிடமிருந்து பெற்றதை ஜான் விட்மோர் போன்றவர்கள் அலுவலகத்துக்குள் கொண்டுவந்தார்கள். இலக்கு என்ன, இப்போதைய நிலைமை என்ன, என்னென்ன வழிகள் உண்டு, எதைச் செய்யப்போகிறீர்கள் என்ற நான்கு கட்டங்களில் பேச்சை நகர்த்தும் குரோ (GROW) முறை 1992-ல் அவர் எழுதிய நூலால் பரவலானது. பெரும்பாலான கோச்சுகள் இன்றும் இந்தச் சட்டகத்தைத் தெரிந்தோ தெரியாமலோ பயன்படுத்துகிறார்கள்.

இங்கே ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. ஆமாம், இல்லை என்று பதில் சொல்ல முடிந்தால் அது மூடிய கேள்வி. என்ன, எப்படி என்று தொடங்கினால் திறந்த கேள்வி. திறந்தது நல்லது, மூடியது கெட்டது. பயிற்சி வகுப்புகளில் இப்படித்தான் சொல்லிக்கொடுக்கப்படுகிறது. இலக்கணமாக இது சரி, ஆனால் போதாது. கோச்சுகள் பலருக்கும் பிடித்த ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம்: ‘பயமே இல்லை என்றால் என்ன செய்வீர்கள்?’ வடிவத்தில் இது திறந்த கேள்விதான். ஆனால் உங்களைத் தடுப்பது பயம்தான் என்ற முடிவு இதற்குள்ளேயே இருக்கிறது. இருக்கும் இடத்திலேயே இருப்பது கோழைத்தனம் என்ற தீர்ப்பும் இருக்கிறது. வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்வதற்காக வேலை மாறாமல் இருப்பவருக்கு இந்தக் கேள்வி எவ்வளவு அநியாயமானது! மாறாக, ‘அந்த வேலை செய்கிற யாரையாவது பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறீர்களா?’ என்பது ஆமாம்-இல்லை கேள்வி. ஆனால் கேட்பவருக்குப் பதில் தெரியாது, எந்தப் பதில் வந்தாலும் அவருக்குச் சரி. திறந்த மனம் அங்கேதான் இருக்கிறது.

கேட்பவரின் முன்முடிவு என்ன செய்யும் என்பதை உளவியலாளர்கள் மார்க் ஸ்னைடரும் வில்லியம் ஸ்வானும் 1978-ல் வெளியிட்ட ஆய்வு நன்றாகவே காட்டியது. ஒருவரைப் பேட்டி எடுத்து, அவர் கலகலப்பானவரா என்று கண்டுபிடிக்கும்படி சிலரிடம் சொன்னார்கள். வேறு சிலரிடம் அவர் கூச்ச சுபாவியா என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். கேள்விகளை ஒரு பட்டியலிலிருந்து அவர்களே பொறுக்கிக்கொள்ள வேண்டும். கலகலப்பைத் தேடியவர்கள், ஒரு விருந்தைக் களைகட்ட வைக்க என்ன செய்வீர்கள் என்பது போன்ற கேள்விகளைப் பொறுக்கினார்கள். கூச்சத்தைத் தேடியவர்கள், கூட்டம் எப்போது சங்கடப்படுத்துகிறது என்ற வகையில் கேட்டார்கள். பதில் சொன்னவர்களும், கேட்ட கேள்விக்கு ஏற்றபடி, கலகலப்பானவராகவோ கூச்ச சுபாவியாகவோ வெளிப்பட்டார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. எல்லோருக்குள்ளும் இரண்டுக்கும் சம்பவங்கள் இருக்கின்றன. கேள்வி எதைத் தொடுகிறதோ அது வெளியே வருகிறது.

கரியர் கோச்சிங்கில் இதன் விலை பெரியது. ‘இவர் சொந்தத் தொழில் தொடங்க வேண்டிய ஆள்’ என்று முதல் பத்து நிமிடத்தில் ஒரு கோச் முடிவு செய்துவிட்டால், அடுத்த ஒரு மணி நேரமும் அதற்கான சாட்சியத்தை உங்கள் வாயாலேயே சேகரிப்பார். அதை அவர் வேண்டுமென்று செய்வதும் இல்லை.

திறந்த மனதோடு கேட்பது எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்வோம். கணக்குத் தணிக்கையில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்த ஒருவர் வந்து, ‘எனக்கு இந்த வேலை அலுத்துவிட்டது, ஆசிரியர் ஆகலாம் என்று நினைக்கிறேன்’ என்கிறார். அனுபவசாலி என்றால் ஆசிரியர் வேலையின் சம்பளத்தையும் கஷ்டத்தையும் சொல்வார். சோதனை, பிறருக்கு உதவும் வகைக்கு எவ்வளவு மதிப்பெண் என்று சொல்லும். கோச் கேட்கிறார்:

‘வேலையில் நேரம் போனதே தெரியாமல் இருந்தது கடைசியாக எப்போது?’

‘போன மாதம். புதிதாகச் சேர்ந்த பையனுக்கு ஒரு ஃபைலை எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுத்தேன்.’

அவசரக்கார கோச் இங்கேயே துள்ளிக் குதிப்பார்: ஆக, கற்பித்தல்தான் உங்கள் ஆர்வம்! வந்தவரும் மகிழ்ச்சியாகத் தலையாட்டுவார், ஏனென்றால் அவர் கொண்டுவந்த முடிவுக்கு முத்திரை கிடைத்துவிட்டது. திறந்த மனம் உள்ளவர் இன்னொரு அடி எடுத்து வைப்பார்.

‘அந்த ஒரு மணி நேரத்தில் எந்த நிமிடம் நன்றாக இருந்தது?’

‘அவன் ஒரு கேள்வி கேட்டான். எனக்கே பதில் தெரியவில்லை. பழைய பதிவுகளையெல்லாம் தோண்டிக் கண்டுபிடித்தேன்.’

‘அப்படித் தோண்ட வேண்டிய வேலை உங்களுக்கு இப்போது வருவதில்லையா?’

‘வரும். ஆனால் அதையெல்லாம் இப்போது எனக்குக் கீழே இருப்பவர்கள் பார்க்கிறார்கள். நான் கையெழுத்துதான் போடுகிறேன்.’

பேச்சு இப்போது வேறு இடத்துக்கு வந்துவிட்டது. அலுத்தது தணிக்கை அல்லவோ என்னவோ. புரமோஷன், அவருக்குப் பிடித்த பகுதியை எடுத்துக்கொண்டு போய்விட்டது. இனி ஆசிரியர் வேலையும் பட்டியலில் இருக்கும், ஆனால் பக்கத்தில் வேறு சிலவும் வந்து உட்காரும்: மோசடி விசாரணை, ஆய்வுப் பணி, பதவியில் ஒரு படி கீழே இறங்கிக்கொள்வது. ‘எந்த நிமிடம்’ என்ற கேள்வி எந்தப் பட்டியலிலும் முன்கூட்டி எழுதி வைத்திருந்ததில்லை. முந்தைய பதிலிலிருந்துதான் அது வந்தது.

கவனித்தீர்களானால், அந்த உரையாடலில் ‘ஏன்’ என்ற சொல்லே இல்லை. அது தற்செயலும் இல்லை. திமத்தி வில்சனும் சக ஆய்வாளர்களும் 1993-ல் ஒரு சோதனை செய்தார்கள். மாணவர்களுக்கு எடுத்துக்கொண்டு போகச் சில போஸ்டர்களைக் காட்டினார்கள். ஒரு பகுதியினரிடம் மட்டும், ஒவ்வொன்றும் ஏன் பிடித்திருக்கிறது, ஏன் பிடிக்கவில்லை என்று முதலில் காரணம் எழுதச் சொன்னார்கள். காரணம் எழுதியவர்கள் மற்றவர்களைவிட வேறு மாதிரித் தேர்ந்தெடுத்தார்கள். சில வாரங்கள் கழித்துக் கேட்டபோது தாங்கள் எடுத்ததில் அவர்களுக்குத் திருப்தி குறைவாக இருந்தது. காரணம் கேட்டால், சொல்வதற்கு வசதியான காரணம் முன்னால் வந்து நின்றுவிடுகிறது. போஸ்டருக்கே அப்படியென்றால் வேலைக்கு எப்படி இருக்கும்! ‘ஏன் இந்த வேலை பிடிக்கவில்லை?’ என்றால் சம்பளம், மேனேஜர், வளர்ச்சி என்று தயார் பதில்கள் வரும். ‘போன வாரம் எந்த நாள் மோசமாக இருந்தது, அன்றைக்கு என்ன நடந்தது, அப்புறம் என்ன செய்தீர்கள்?’ என்றால் நடந்தது வரும்.

இந்த வகைக் கேள்வியை முறையாக வளர்த்தவர்களும் உண்டு. தொழில் வழிகாட்டல் ஆய்வாளர் மார்க் சாவிக்கஸ் வகுத்த நேர்காணலில், சிறு வயதில் நீங்கள் வியந்து பார்த்தவர் யார், எந்த இதழை அல்லது நிகழ்ச்சியை விடாமல் பார்ப்பீர்கள், பிடித்த கதை எது, உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளும் வாக்கியம் எது, உங்கள் மிகப் பழைய நினைவுகள் என்ன என்று கேட்கிறார்கள். வேலையைப் பற்றி நேரடியாக ஒன்றுமே இல்லை. எட்கர் ஷைன், எம்ஐடி நிர்வாகப் பள்ளியின் பழைய மாணவர்கள் 44 பேரைப் பல வருடம் பின்தொடர்ந்து, எதை விட்டுக்கொடுக்க மாட்டார்களோ அதுவே ஒருவருடைய கரியரின் நங்கூரம் என்ற எண்ணத்துக்கு வந்தார். எதை விரும்புகிறீர்கள் என்பதைவிட எதை விடவே மாட்டீர்கள் என்பது கூர்மையான கேள்வி என்று எனக்கும் படுகிறது.

டென்னிஸ் கதையின் க்ரம்போல்ட்ஸ், 1999-ல் இரு சக ஆய்வாளர்களோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில் இன்னும் ஒரு படி போனார். முடிவெடுக்காமல் இருப்பதை ஒரு நோயாகப் பார்க்க வேண்டாம், அதைத் திறந்த மனம் என்றும் பார்க்கலாம் என்றார்கள். அவசரமாக ஒரு முடிவைக் கையில் கொடுத்தனுப்ப வேண்டியது கோச்சின் வேலை இல்லை. இதை ஏற்றுக்கொண்ட கோச்சிடம் உட்கார்ந்தால் தோளிலிருந்து பாதிச் சுமை இறங்கும்.

சரி, கோச்சின் குறைகள் என்ன? முதலாவது, யார் வேண்டுமானாலும் கோச் என்று பலகை மாட்டிக்கொள்ளலாம். பெரும்பாலான நாடுகளில் இதற்கு உரிமம் கிடையாது. 1995-ல் தொடங்கப்பட்ட சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு மூன்று நிலைச் சான்றுகள் தருகிறது. முதல் நிலைக்கு 60 மணி நேரப் பயிற்சியும் 100 மணி நேர கோச்சிங் அனுபவமும், இரண்டாவதற்கு 125-ம் 500-ம், மூன்றாவதற்கு 200-ம் 2,500-ம் கேட்கிறார்கள். இவ்வளவு நேரம் உழைத்திருக்கிறார் என்பதற்கு அது ஆதாரம். உங்கள் முன்னால் உட்காரும் அந்த நாளில் மனம் திறந்திருக்கிறதா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, பணம் யார் கொடுக்கிறார்கள் என்பது. நிறுவனம் கொடுத்தால் அவருக்கு இரண்டு எஜமானர்கள். பேசியதில் எது மேலே போகும், எது போகாது என்பதை முதல் நாளே வாய்விட்டுக் கேட்டுவிட வேண்டும். தெளிவான பதில் வரவில்லை என்றால் வேலையை விடுவது பற்றி அங்கே பேச வேண்டாம்.

மூன்றாவதுதான் எனக்கு அதிகம் உறுத்துவது. கேள்வி கேட்பது ஒரு மதமாகிவிடுவது. ‘இந்த இரண்டு படிப்பில் எதற்கு வேலை வாய்ப்பு இருக்கிறது?’ என்று தவிப்போடு கேட்கிறவரிடம், ‘நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?’ என்று திருப்பிக் கேட்பது கொடுமை. அவரிடம் பதில் இருந்தால் அவர் ஏன் கேட்கப்போகிறார்? எந்தெந்தக் கூறுகள் தொழில் ஆலோசனையைப் பலனுள்ளதாக்குகின்றன என்று முந்தைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்து ஸ்டீவன் பிரவுனும் நான்சி ரையன் கிரேனும் 2000-ல் ஐந்தைக் குறிப்பிட்டார்கள்: எழுத்துப் பயிற்சிகள், தனித்தனியாக விளக்கம் தருவது, வேலை உலகம் பற்றிய தகவல், முன்மாதிரிகளைக் காட்டுவது, ஆதரவாக இருப்பவர்களைத் திரட்ட உதவுவது. தகவல் அதில் ஒன்று. நல்ல கோச்சுக்குத் தன் கேள்விகள் எங்கே முடிகின்றன என்று தெரியும். ‘இதற்குப் பதில் உங்களிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. அந்த வேலையில் இருக்கிற இரண்டு பேரைப் பார்த்துவிட்டு வாருங்கள், பிறகு பேசுவோம்’ என்று சொல்லி அனுப்பத் தயங்க மாட்டார்.

தானே கேட்டுக்கொள்வது

செலவில்லாத வழி. எழுதிப் பார்ப்பது பலன் தரும் என்பதற்கு மேலே சொன்ன ஐந்தில் முதலாவதே சாட்சி. தடை நம்மிடமே இருக்கிறது. உளவியலாளர் பீட்டர் வாசன் 1960-ல் சிலரிடம் 2, 4, 6 என்ற எண்களைக் கொடுத்து, இதற்குப் பின்னால் உள்ள விதியைக் கண்டுபிடிக்கச் சொன்னார். அவர்களே மூன்று மூன்று எண்களைச் சொல்லிச் சோதித்துப் பார்க்கலாம். பலரும் இரண்டிரண்டாகக் கூடுகிறது என்று நினைத்து 8, 10, 12 என்பது போலத் தங்களுக்குச் சாதகமான எண்களையே சொன்னார்கள். உண்மையான விதி, எண்கள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். தன் எண்ணம் தவறாக இருக்குமா என்று பார்க்க 1, 2, 3 என்று ஒருமுறை சொல்லியிருந்தாலே அது உடைந்திருக்கும்.

நோட்டில் எழுதும்போதும் நாம் 8, 10, 12 என்றுதான் எழுதுவோம். அதனால் எழுதுகிறவர்கள் ஒரு பக்கத்தையாவது இந்தக் கேள்விக்கு ஒதுக்க வேண்டும்: நான் நினைப்பது தவறு என்றால், எதைப் பார்த்து அதைத் தெரிந்துகொள்வேன்? நண்பரை உட்கார வைத்தால் ஒரு நிபந்தனை போடுங்கள்: அரை மணி நேரத்துக்குக் கேள்வி மட்டும்தான், அறிவுரை கிடையாது. நம் மேல் அன்புள்ளவர்களுக்கு இது மிகவும் கடினம், அவர்களுக்கு நம் முடிவில் பங்கு இருக்கிறது. வாழ்க்கைத் துணை இந்த வேலைக்கு ஏற்றவர் இல்லை என்பது என் கருத்து. அவரிடம் பேச வேண்டும், ஆனால் நடுநிலையான கேள்வியை எதிர்பார்ப்பது அவருக்குச் செய்யும் அநியாயம்.

சாட்பாட்டிடம் கேட்கிறவர்களும் இப்போது அதிகம். நாம் சாய்கிற பக்கமே சாய்ந்து ஒத்துப்பேசும் பழக்கம் அதற்கு உண்டு. கேள்வி மட்டும் கேள், என் யோசனையில் ஓட்டை எங்கே என்று பார் என்று தெளிவாகச் சொன்னால் ஓரளவு உதவும்.

எதை எடுப்பது

உங்களிடம் எது இல்லை என்று முதலில் பாருங்கள். தேர்வுகள் தெளிவாக இருக்கின்றன, அவற்றைப் பற்றிய விவரம்தான் தெரியவில்லை என்றால், கோச்சுக்குக் கொடுக்கும் பணம் வீண். அந்தத் துறையில் இருப்பவர்கள் இரண்டு மூன்று பேரைப் பாருங்கள், ஒருவரோடு நிறுத்த வேண்டாம். எதையுமே சொல்லத் தெரியாமல் நிற்கும் இளம் வயது என்றால் ஆர்வச் சோதனை ஒன்றை எழுதி, அதை யாரோடாவது உட்கார்ந்து பேசுங்கள். விவரம் எல்லாம் தெரியும், கணக்கும் போட்டாகிவிட்டது, ஆனாலும் மாதக்கணக்கில் முடிவு நகரவில்லை, அல்லது ஒரே பிரச்சினை மூன்றாவது வேலையிலும் வந்து நிற்கிறது என்றால், அங்கேதான் கோச் தன் கூலிக்கு உழைப்பார். அவருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்றால், நிபந்தனைக்கு ஒத்துக்கொள்ளும் நண்பரும் நோட்டும் பெரிய தாழ்வில்லை.

கோச்சைத் தேர்ந்தெடுக்கும்போது, முதல் பேச்சிலேயே ஒன்றைச் சோதித்துப் பார்க்கலாம். பாதியில், நீங்கள் முன்பு சொன்னதோடு முரண்படும் உண்மையான ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள். சுதந்திரம் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், ஒருமுறை சுதந்திரம் கிடைத்தபோது தவித்ததைச் சொல்லுங்கள். அவர் நின்று அதைப் பற்றிக் கேட்கிறாரா, அல்லது ‘அது இருக்கட்டும்’ என்று தன் பாதையில் தொடர்கிறாரா? நேரடியாகவும் கேட்டுவிடலாம்: ‘என்னைப் பற்றி இதுவரை என்ன நினைக்கிறீர்கள், எதனால் அது மாறும்?’ கோபப்படாமல் பதில் சொல்ல முடிகிறவரிடம் போங்கள்.

ஒரு நிலைமையில் மட்டும் இந்த வரிசையே மாறும். வேலை போய்விட்டது, அடுத்த மாதச் செலவுக்கு வழியில்லை என்றால், திறந்த கேள்விகளுக்கு இது நேரம் இல்லை. ரெஸ்யூமேயைத் திருத்தித் தரவும், தெரிந்த இடத்தில் பெயரைச் சொல்லவும், இன்டர்வியூவுக்குத் தயார் செய்யவும் தெரிந்த அனுபவசாலியிடம் நேராகப் போங்கள். அவர் சொல்வதைக் கேட்டுக் கிடைக்கும் வேலையில் சேருங்கள். அந்த வேலையில் இருந்துகொண்டே, சம்பளம் வரத் தொடங்கிய பிறகு, அடுத்தது என்ன என்பதைக் கோச்சிடம் பேசலாம். முன்பு அவசரத்தில் எடுத்த முடிவை அவரிடம் நியாயப்படுத்த வேண்டியதில்லை. அந்த வேலையில் கழிந்த நாட்களே அவர் கேட்கப்போகும் கேள்விகளுக்கு நல்ல விவரங்களாக இருக்கும்.